சவரிமுத்து அண்ணனின் இடது கால்

ஒரு வண்டியைப் பார்த்து ‘கிளட்ச் போச்சு’ என்று சொல்கிறீர்கள். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுகிறீர்கள். ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னதாக உங்களுக்கு நினைப்பு. இல்லை. ஓர் ஆளின் மேல் புகார் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்.

கிளட்ச் என்று சொன்னால் அது டிரைவர் மேல் புகார். மிதியிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டுகிறான் என்று அர்த்தம். ஸ்பிரிங் என்று சொன்னால் அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய முதலாளி மேல் புகார். முன்பு நாம் செய்த வேலையில் கோளாறு என்று சொன்னால் நம் பட்டறை மேலேயே புகார். அதனால் மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. இரண்டாவதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். முதலாவதை மட்டும் வாய் கூசாமல் சொல்வார்கள். டிரைவர் எதிர்த்துப் பேச மாட்டான் அல்லவா?

வேலை பார்த்த காலமெல்லாம் இதைப் பார்த்துக் கோபப்பட்டேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் கோபம் போகவில்லை. புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். எஞ்சினைப் பற்றி உங்களிடம் புத்தகம் இருக்கிறது. நான் ஒரு நடுக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு உங்களுக்கு என் மேல் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

எண்பதுகளின் தொடக்கம். திருமலைராயன்பட்டினத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு பட்டறையில் நான் மெக்கானிக். நெரவியிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். அதனால் பட்டறையில் என் பெயர் நெரவி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. பட்டறைக்குச் சொந்தக்காரரை எல்லாரும் நானா என்போம். பட்டினத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படிக் கூப்பிடுவார்கள். ஊரே கூப்பிட்டதால் அவர் எல்லாருக்கும் நானா ஆகிவிட்டார்.

அவரைத் தங்கமான மனிதர் என்று எழுத எனக்கு வராது. கையில் இருக்கும் ஸ்பேனரை எறிவார். தன் வேலையைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் அந்த ஆளோடு மாதக்கணக்கில் பேச மாட்டார். ஆனால் ஸ்பிரிங் வேலையில் அந்தக் கரையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மீன் வண்டி என்றால் பின்பக்க ஸ்பிரிங்கில் வளைந்த இரும்புப் பட்டை கூட்டியே ஆக வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். ஐஸ் பாரம் சாதாரணப் பாரமில்லை. உருகும், ஒரு பக்கமாகச் சரியும், உப்புத் தண்ணீராக வழிந்து அடிப்பாகத்தை அரிக்கும். கரையில் மணலுக்குள் இறங்கி ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் புது வண்டி வாங்கியதும் மாலை போட்டுப் பூசை முடித்து நேரே எங்களிடம் கொண்டுவந்து, இரண்டு பட்டை சேர்த்து வாலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு போவார்கள். வெறும் வண்டியாக நிற்கும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால்தான் பெருமை. ‘வைத்திலிங்கம் வண்டி உக்காந்துட்டுதாம்’ என்று கரையில் நாலு பேர் சொன்னால் அது வைத்திலிங்கத்துக்குக் கெட்ட பெயர்.

இந்த வைத்திலிங்கம் கருக்களாச்சேரி மீன் வியாபாரி. முன்பு வாடகை லாரியில் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர், சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கினார். முன்னால் ஜீப் மாதிரி இருக்கும், பின்னால் திறந்த பெட்டி. குட்டையான வண்டி. நானா தன் கையாலேயே அதற்கு இரண்டு பட்டை கூட்டிக் கொடுத்தார். வண்டி, கொத்த வரும் சேவல் மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. வைத்திலிங்கம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அந்த வண்டிக்கு டிரைவர் சவரிமுத்து அண்ணன். காரைக்காலில் மாதா கோயில் பக்கம் வீடு. ஐம்பதைத் தொட்டவர். அதற்கு முன் நெல் லாரி ஓட்டினார். லாரிக்கு டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி இடது முழங்காலில் அடி. எலும்பு கூடிவிட்டது. மழை நாளில் லேசாகத் தாங்கி நடப்பார், அவ்வளவுதான். வைத்திலிங்கத்தைவிட வயதில் மூத்தவர். வைத்திலிங்கம் அவரை ‘வா, போ’ என்றுதான் பேசுவார். அவர் திருப்பி ‘சரிங்க முதலாளி’ என்பார்.

பட்டை கூட்டிக் கொஞ்ச நாளில் வண்டி நடுங்க ஆரம்பித்தது. நிறுத்திவிட்டு முதல் கியரில் எடுக்கும்போது அடியிலிருந்து கடகடவென்று ஓர் ஆட்டம். இருக்கையில் உட்கார்ந்தவனின் பல் அடித்துக்கொள்ளும். வேகம் கொஞ்சம் ஏறியதும் நின்றுவிடும். மறுபடி நிறுத்தி எடுத்தால் மறுபடி வரும்.

மாயவரம் மார்க்கெட்டில் சரக்கு இறக்கிவிட்டு நேரே எங்களிடம் வந்தார்கள். நானா ஏறி ரோட்டில் ஒரு தரம் எடுத்துப் பார்த்தார். இறங்கும்போதே சொல்லிவிட்டார்: “கிளட்ச்.”

சொன்னதில் தவறில்லை. நிறுத்தி எடுக்கும்போது வண்டி நடுங்கினால் பெரும்பாலும் கிளட்ச்தான். கிளட்சின் பழைய பிளேட்டில் தேய்மானமும் இருந்தது. புதிது போட்டோம். எங்களுக்கு அடுத்த வாசல் ஐஸ் பேக்டரி. வண்டியை அப்படியே பின்னால் தள்ளி ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். நடுக்கம் இல்லை. நானா மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் வண்டி திரும்பி வந்தது. அதே நடுக்கம்.

வைத்திலிங்கம் உள்ளே இருந்தார். அவர் பழக்கம் அப்படி. போகும்போது முதல் பஸ்ஸில் முன்னால் போய் மார்க்கெட்டில் விலை பேசுவார். வரும்போது வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். “நேத்துதான் புதுசு போட்டுக் குடுத்தீங்க நானா. ஒரே நடையில கெடுத்துட்டான் பாருங்க,” என்றார்.

மறுபடி கியர்பாக்ஸை இறக்கினோம். பிளேட்டைக் கழற்றி நானாவிடம் காட்டினேன்.

“நானா, இது புதுசு மாதிரியேதான் இருக்கு.”

“புதுசா இருந்தா ஏன்டா நடுங்குது? மாத்து.”

“பிளேட்டுல ஒரு கருக்கல்கூட இல்லைங்க.”

“ஒனக்கு என்ன, வண்டிக்கு வக்கீலா நீ? மாத்துடா நெரவி.”

மாற்றினோம். ஐஸ் ஏற்றிக்கொண்டு போனது. நடுக்கம் இல்லை. திரும்பி வந்தது. நடுக்கம்.

இப்போது கவனியுங்கள். இரண்டாவது கிளட்சும் போய்விட்டது என்று பட்டறை ஒத்துக்கொண்டதாகத்தான் வைத்திலிங்கம் எடுத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டோமா? வாயால் இல்லை. மாற்றினோம் அல்லவா, அது போதும். இரண்டு கிளட்சை ஒருவன் தின்கிறான் என்றால் அவன் காலில் கோளாறு. கால் என்றதும் அந்த ஜாக்கி நினைவுக்கு வந்தது. “அவன் காலு நடுங்குது. அந்த நடுக்கந்தான் வண்டிக்கு எறங்குது,” என்று கரையில் சொன்னார். கரையில் சொன்னால் ஊரில் சொன்ன மாதிரி. டீக்கடையில் சவரிமுத்து அண்ணனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தையல் மிஷின்.

“என்ன தையமிஷின், இன்னைக்கு எத்தன சட்ட தச்சீங்க?” என்று ஒருவன் என் எதிரிலேயே கேட்டான். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் டீயைக் குடிக்க முடியவில்லை. கீழே ஊற்றிவிட்டு வந்தேன்.

மூன்றாவது தடவை வண்டியை அவர் மட்டும் கொண்டுவந்து விட்டார். முதலாளி பின்னால் வருகிறாராம். நானா வேறொரு வண்டியின் அடியில் இருந்தார். நான் பின்கட்டில் மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். சவரிமுத்து அண்ணன் வந்து பக்கத்தில் குந்தினார்.

“தம்பி, காலுதான் போலருக்கு.”

“என்ன கால்?”

“எங் காலுதான். நான் இல்ல இல்லன்னுட்டுத்தான் இருந்தேன். இப்ப எனக்கே தோணுது. வூட்டுல நாற்காலில ஒக்காந்து ஒரு செங்கல்ல மிதிச்சு மிதிச்சுப் பாக்குறேன். நடுங்குற மாதிரியும் இருக்கு, நடுங்காத மாதிரியும் இருக்கு. எம் மவ பாத்துட்டு அழுவுறா.”

எனக்கு அவர் மேல்தான் முதலில் கோபம் வந்தது. “அண்ணே, நாங்க சொன்னமா ஒங்க காலுன்னு?”

“நீங்க சொல்லல. ஆனா ரெண்டு தடவ மாத்துனீங்கள்ல?”

பாகத்தை மண்ணெண்ணெயில் போட்டுவிட்டுக் கேட்டேன். “எப்ப எப்ப நடுங்குது? ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

“நிறுத்தி எடுக்கறப்ப.”

“எப்பவுமா?”

“வர்றப்பதான் தம்பி. போறப்ப ஒண்ணும் இல்ல. எல்லையில சாவடி இருக்குல்ல, அங்க போறப்பவும் நிறுத்துவான், வர்றப்பவும் நிறுத்துவான். போறப்ப நிறுத்தி எடுக்குறேன், வெண்ண மாதிரி போவுது. வர்றப்ப அங்கயே நிறுத்தி எடுக்குறேன், ஆடித் தீத்துடுது. சாவடிப் போலீசுக்காரனே சிரிக்கிறான். அதே சாவடி, அதே காலு. போயி வர்றதுக்குள்ள காலு ஓஞ்சிடுது போலருக்கு.”

பாருங்கள். கையில் இருந்த ஒரே சாட்சி அவருடையது. அதைத் தனக்கு எதிராகவே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அவரை இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. வண்டியைக் கேட்டோம், முதலாளியைக் கேட்டோம். நாளெல்லாம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறவரைக் கேட்கவில்லை.

போகும்போது பாரம். வரும்போது காலி. கிளட்ச் கோளாறு என்றால் பாரத்தோடு போகும்போதுதான் அதிகம் நடுங்க வேண்டும். இது தலைகீழாக இருந்தது.

அடுத்த வாசலில் யாருடைய லாரிக்கோ கடைசிப் பாளம் ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது. பாரம் ஏற ஏற அதன் பின்பக்கம் மெல்ல இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் பட்டறைக்கு அந்தப் பிக்கப் காலியாக வந்து நடுங்கும். பட்டறையிலிருந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு ஒழுங்காகப் போகும். இரண்டு தடவையும் நாங்கள் சரி செய்ததாக நினைத்தது ஐஸ் செய்த வேலை.

வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் வெகுவாகச் சரிந்து கீழே இறங்கியது, சுவரில் சாய்த்த ஏணி மாதிரி. பின்பக்கம் அவ்வளவு உயரத்தில் நின்றால் அது வேறு எப்படி இறங்கும்? அந்தக் கோணத்தில் முதல் கியரின் இழுப்பைக் கொடுத்தால் ஷாஃப்ட்டை இரண்டு முனையிலும் இணைக்கும் கிராஸ் மூட்டுகள் உதறாமல் என்ன செய்யும்? பாரம் ஏறினால் வண்டி உட்காரும், ஷாஃப்ட் நேராகும், உதறல் நிற்கும். கிளட்சும் இல்லை, காலும் இல்லை. பட்டை. நானா தன் கையால் கூட்டிய இரண்டு பட்டை.

நானாவிடம் போய்ச் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. “நானா, கிளட்ச் இல்லைங்க. நாம போட்ட பட்டை.”

அவர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். “எங்க, திருப்பிச் சொல்லு.”

சொன்னேன்.

“இந்தக் கரையில ஓடுற மீன் வண்டில முக்காவாசிக்கு எம் பட்டதான்டா. எது நடுங்குது? ஒண்ணக் காட்டு.”

“அதெல்லாம் லாரி நானா. நீள ஷாஃப்ட்டு. அதுல ரெண்டு பட்ட கூட்டுனாலும் கோணம் தெரியாது. இது குட்ட வண்டி. லாரிக்குச் செஞ்சத இதுக்கும் செஞ்சிட்டோம்.”

ஸ்பேனர் பறந்தது. என் மேல் இல்லை, தகரத் தடுப்பின் மேல். பட்டறையே திரும்பிப் பார்த்தது. “வாப்பாகிட்ட தொழில் படிச்சவன் நான். நேத்து வந்த பய எனக்குப் பட்ட சொல்லிக் குடுக்கிறான்,” என்றார். நான் நேற்று வந்தவன் இல்லை. அதைச் சொல்லும் நேரமும் அது இல்லை.

தொழுகைக்கு நேரமாகியிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்தப் பிக்கப்பின் அடியில் போய்ப் படுத்தார். வெகுநேரம் படுத்திருந்தார். எழுந்து வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் வைத்திலிங்கம் வந்தார். தனியாக வரவில்லை. வாஞ்சூரிலிருந்து ஒரு புது டிரைவரைக் கூட்டி வந்திருந்தார். நல்ல திடமான ஆள், வயது முப்பதுக்குள்.

“மூணாவதாவும் ஒரு கிளட்சப் போட்டுடுங்க நானா. இனிமே இவரு ஓட்டுவாரு. நீ சாவியக் குடுத்துடு சவரிமுத்து. கோவம் இல்ல, ஒன் ஒடம்பு அப்புடி. நானாவே சொல்லுவாரு. சொல்லுங்க நானா, இவன் காலா இல்லையா?”

சவரிமுத்து அண்ணன் சாவியை எடுத்து நீட்டியே விட்டார். நீட்டிய கையைப் பார்த்தேன். கை நடுங்கவில்லை. இதையெல்லாம் இவ்வளவு வருடம் கழித்து ஏன் நினைவு வைத்திருக்கிறேன் என்றால், அந்த நேரத்தில் அங்கிருந்த எல்லாரும் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நடுவில் புகுந்து சாவியை வாங்கினேன். “மொதல்ல இவரு ஓட்டட்டும் முதலாளி,” என்று வாஞ்சூர்காரரிடம் கொடுத்தேன். அவர் காலி வண்டியை ரோட்டில் எடுத்தார். நடுங்கியது.

“நடுங்கத்தான் செய்யும். அதான் கிளட்ச அவன் கெடுத்து வச்சிருக்கான்ல,” என்றார் வைத்திலிங்கம்.

அந்த ஆளைக் குறை சொல்லவும் முடியாது. நாங்கள் கொடுத்த கணக்குப்படி அவர் பேச்சு சரி.

பாரம் ஏற்றிக் காட்ட வேண்டும். ஐஸ் பேக்டரியில் கரண்ட் போய், புது ஐஸ் இன்னும் கட்டவில்லை. வாசலில் கருக்களாச்சேரிப் பெண்கள் கூடையோடு ஐஸுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் போய்க் கூப்பிட்டேன். “அக்கா, எல்லாரும் வந்து வண்டில ஏறுங்க.”

“எதுக்குடா? கரண்டு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயி சண்ட போடவா?”

“இல்லக்கா, சும்மா. ஒரு வாட்டி ரோட்டுல போயிட்டு வர.”

“சும்மா ஏத்திக்கிட்டுப் போற மொத வண்டி இதுதான்டி. ஏறுங்கடி,” என்றார் அவர்களில் பெரியவர், அஞ்சலை அக்கா. பெட்டி நிறையப் பெண்கள், கூடைகள். பட்டறை ஆட்களையும் ஏற்றினேன். வண்டியின் வால் இறங்கியது.

“சவரிமுத்து அண்ணே, நீங்க எடுங்க.”

அவர் பின்வாங்கினார். “வேணாம் தம்பி. பொம்பளப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு… என் கால நம்பி வேணாம்.”

அப்போதுதான் நானா வாயைத் திறந்தார். “ஏறு சவரிமுத்து.”

ஏறினார். எடுத்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கூப்பிடுகிற தூரத்தில் நிறுத்தச் சொன்னேன். மறுபடி எடுத்தார். ஓர் ஆட்டமும் இல்லை. திருப்பிக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். பெண்களை இறங்கச் சொன்னேன். காலி வண்டியை எடுக்கச் சொன்னேன். கடகடவென்று ஆடியது. மறுபடி ஏறச் சொன்னேன்.

“ஏறுங்கிற, எறங்குங்கிற. எங்கள என்ன, கோழியக் கூண்டுல அடைக்கிற மாதிரி அடைக்கிறியே,” என்று ஒருத்தி கத்தினாள்.

அஞ்சலை அக்கா சக்கரத்தில் கால் வைத்து ஏறிக்கொண்டே சொன்னார். “இது எம் மவன் மாதிரிடி. சும்மா இருந்தா ஆடுவான். சொமையத் தலையில வச்சா அடங்குவான்.”

பாரத்தோடு எடுத்தார். வெண்ணெய்.

வைத்திலிங்கம் முட்டாள் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. “அப்ப என்னதான் நானா கோளாறு?” என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்துக்குத்தான் இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டி வந்தேன். அந்தக் கேள்விக்கு ஒரு சுலபமான பதில் இருந்தது. கிராஸ் தேய்ந்திருந்தது. உண்மையாகவே தேய்ந்திருந்தது, அவ்வளவு உதறலில் தேயாமல் இருக்குமா? ‘கிராஸ் போச்சு’ என்று சொன்னால் போதும். யார் மேலும் புகார் இல்லை, ரோட்டின் மேல்தான். கிராஸை மாற்றும் சாக்கில் ஒரு பட்டையைச் சத்தமில்லாமல் உருவிவிடலாம். டிரைவரும் தப்பிப்பார், பட்டறைப் பெயரும் தப்பிக்கும். அது பொய்கூட இல்லை. நானா அதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் என்ன செய்வது என்றும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நானா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “நான் போட்ட பட்ட. இந்த வண்டிக்கு அது ஆகாது. தெரியாமப் போட்டுட்டேன். கிளட்ச் ரெண்டும் நல்ல கிளட்ச். நாந்தான் பாக்காம மாத்துனேன்.”

ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். மீன்காரப் பெண்கள் கேட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் கரை முழுக்கப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

“பட்டைய எடுத்தா ரெண்டு பெட்டி மீன் கொறையுமே நானா?”

“கொறையும்.”

“அப்ப எனக்கு?”

“வண்டி ஒன்னோடது வைத்தி. பட்ட என்னோடது. நான் எடுத்துடுறேன்.”

வைத்திலிங்கம் வாஞ்சூர்காரரைப் பார்த்து “நீங்க பஸ்ஸுல போயிடுங்க” என்றார். சவரிமுத்து அண்ணனைப் பார்த்து “சாவிய வச்சுக்க” என்றார். அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. ‘தப்பா நினைச்சிட்டேன்’ என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த ஆள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

நானா பட்டைகளைக் கழற்றினார். வேறு யாரையும் தொட விடவில்லை. ஷாஃப்ட் வந்து சேரும் அச்சின் மூக்கு சரியான கோணத்தில் நிற்க ஸ்பிரிங்குக்கு அடியில் ஆப்பு வைத்தார். கிராஸ் இரண்டையும் மாற்றினார். வண்டி காலியாக இருந்தபோதும் நடுங்கவில்லை. போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை.

கரையில் நானாவை வைத்துக் கொஞ்ச காலம் சிரித்தார்கள். ‘அவரே தப்புன்னு சொல்லிட்டாருப்பா’ என்று சில வண்டிகள் காரைக்காலில் வேறு பட்டறைக்குப் போய்விட்டன. அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. என்னிடம் அந்த நாளைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். குட்டை வண்டி எது வந்தாலும் பட்டை கூட்டும் முன் “நெரவி, அடியில படுத்துப் பாத்துட்டுச் சொல்லு” என்பார். அவ்வளவு அகந்தை பிடித்த மனிதர் அதைச் சொன்னது எனக்குப் போதும்.

இதோடு கதை முடிந்தது என்றால் எனக்கு எழுத வேண்டிய தேவையே இல்லை.

சவரிமுத்து அண்ணன் வண்டியை ஓட்டினார். ஆனால் நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து முழங்காலில் வைத்து அமுக்குவார். சாவடியில், பாலத்து மேட்டில், பட்டறை வாசலில். நடுங்காத காலை நடுங்காமல் பிடித்துக்கொள்வார். ஒரு மழைக்காலம் அப்படி ஓட்டினார். பிறகு ஒருநாள் அவராகவே போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை வைத்திலிங்கம் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். “கால் சரியில்லைங்க முதலாளி” என்றாராம் இவர்.

அடுத்த வாசல் ஐஸ் பேக்டரியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். கொக்கியால் ஐஸ் பாளத்தை இழுத்து, ஈரத் தளத்தில் கால் ஊன்றி, வண்டியில் ஏற்றும் வேலை. இளைஞர்கள் வழுக்கி விழும் தளம். அவர் ஒருநாள்கூட வழுக்கவில்லை. அந்த இடது காலைத்தான் ஊன்றி இழுப்பார். பட்டறையிலிருந்து நான் தினமும் பார்ப்பேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன். “அண்ணே, இந்தக் கால வச்சுக்கிட்டா வண்டி ஓட்ட முடியாதுன்னு சொன்னீங்க? அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால ஓட்டிக் காட்டுனீங்கள்ல? கோளாறு பட்டையிலதான்னு நானா வாயாலயே சொன்னாருல்ல?”

அவர் கொக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்தார். என் மேல் இரக்கப்படுகிற மாதிரி பார்த்தார்.

“நானா பெரிய மனுசன் தம்பி,” என்றார். “எம் பொழப்பு போயிடக் கூடாதுன்னு பழியத் தன் மேல போட்டுக்கிட்டாரு. எனக்குத் தெரியாதா?”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். ஷாஃப்ட், கோணம், பாரம், காலி. தரையில் கோடு போட்டுக்கூடக் காட்டினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். முடிந்ததும், “நீங்களும் நல்ல மனசுக்காரரு தம்பி,” என்று சொல்லிவிட்டு அடுத்த பாளத்தை இழுக்கப் போய்விட்டார்.

கிளட்சை இரண்டு தடவை மாற்றினோம். பட்டை இரண்டையும் திரும்பக் கழற்றினோம். அவர் மேல் கொடுத்த புகாரை மட்டும் கழற்ற முடியவில்லை.